5,000 வருஷத்துக்கு முன்னாடி ஒரு மகன்!

டி.வி. தொடர் பார்க்கிற எல்லாருக்கும் இந்த அரிப்பு இருக்கும். கதை முடிஞ்சிடும். ஹீரோ கையை ஆட்டிட்டுக் கிளம்பிடுவார். கடைசியில் பெயர்கள் ஓட ஆரம்பிக்கும். ஆனா நம்ம மனசு மட்டும் அங்கேயே நின்னு ஒரு கேள்வி கேட்கும். 'சரி... அந்தப் பொண்ணு என்ன ஆனா?'

பதில் வராது. அடுத்த வாரம் வேற ஊர், வேற வில்லன், வேற ஹீரோயின். போன வாரம் கண் கலங்கின ஹீரோ, இந்த வாரம் பவுடர் போட்டுக்கிட்டு ஃப்ரெஷ்ஷா வந்து நிற்பார். தொடர்கள் அப்படித்தான். திரும்பிப் பார்க்க அதுங்களுக்கு நேரமில்லை.

அமெரிக்காவில் ஒரு பெண் திரும்பிப் பார்த்தார். பேர் ஆன் கிறிஸ்பின். புத்தக அட்டையில் ஏ.சி.கிறிஸ்பின். 1969-ல் ஒளிபரப்பான ஒரே ஒரு எபிசோடில், பனிக்குகையில் தனியா விட்டுட்டு வந்த ஒரு பெண் என்ன ஆனாள்னு யோசிச்சார். விடையை ஒரு நாவலாகவே எழுதிட்டார். 'யெஸ்டர்டேஸ் சன்', அதாவது நேற்றைய மகன். வெளிவந்த வருஷம் 1983. ஹீரோ யார் தெரியுமா? கூர்க்காது, ஏறின புருவம், எதுக்கெடுத்தாலும் லாஜிக்... நம்ம மிஸ்டர் ஸ்பாக்!

இந்த வாரம் அந்தப் புத்தகத்தைத்தான் பேசப்போறோம்.

சிரிக்காத மனுஷன்... பாதி மனுஷன்!

ஸ்பாக்கைத் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். 'ஸ்டார் ட்ரெக்' தொடர் 1966 செப்டம்பர் 8-ம் தேதி என்.பி.சி. சேனலில் ஆரம்பித்தது. 'என்டர்பிரைஸ்' என்ற விண்கப்பல், அதில் கேப்டன் கிர்க், டாக்டர் மெக்காய், அறிவியல் அதிகாரி ஸ்பாக். வாரம் ஒரு கிரகம், வாரம் ஒரு சிக்கல். மூணு சீசன், 79 எபிசோடுகள். பார்க்கிற கூட்டம் போதவில்லை என்று 1969-ல் மூட்டை கட்டினார்கள். அதற்கப்புறம் மறு ஒளிபரப்பில்தான் தொடர் பிய்த்துக்கொண்டு போனது!

கூட்டத்தில் எல்லாருக்கும் பிடிச்ச ஆள், லியனார்ட் நிமாய் நடித்த ஸ்பாக். அப்பா சாரெக், வல்கன் கிரகத்துக்காரர். அம்மா அமாண்டா, பூமியைச் சேர்ந்த ஆசிரியை. வல்கன்கள் ஒரு காலத்தில் கோபமும் வெறியும் பிடித்து ஒருத்தரை ஒருத்தர் வெட்டிக்கொண்டு செத்தவர்கள். பிறகு 'இப்படியே போனா இனமே மிஞ்சாது' என்று உணர்ச்சிகளைப் பூட்டி வைத்து, அறிவை மட்டும் நம்பப் பழகினார்கள். ஸ்பாக் அந்த வழியில் வந்தவர். சிரிக்க மாட்டார். அழ மாட்டார். ஆனா உள்ளே அம்மா கொடுத்த பாதி மனசு துடிச்சுக்கிட்டே இருக்கும்.

அந்த மனசு பூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்த எபிசோடுகள் ரொம்பக் கொஞ்சம். அதில் ஒண்ணுதான் நம்ம கதைக்கு விதை.

லைப்ரரி வழியா ஒரு பனி யுகம்

எபிசோட் பேர் 'ஆல் அவர் யெஸ்டர்டேஸ்'. 1969 மார்ச் 14-ல் வந்தது. கடைசிக்கு முந்தின எபிசோட். எழுதியவர் ஜீன் லிஸெட் அரோஸ்ட். லாஸ் ஏஞ்சலீஸில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் நூலகர்! அதனாலேயோ என்னவோ, கதையும் ஒரு லைப்ரரியில்தான் தொடங்கும்.

சார்பீடான் என்று ஒரு கிரகம். அதன் சூரியன் இன்னும் மூன்றரை மணி நேரத்தில் வெடிக்கப்போகிறது. காப்பாற்றலாம் என்று கிர்க், ஸ்பாக், மெக்காய் மூணு பேரும் இறங்கினால் ஊரே காலி. ஒரு நூலகத்தில் ஒரே ஒரு கிழவர் இருக்கிறார். பேர் மிஸ்டர் ஏடாஸ். அவர் பெயரை இங்கிலீஷில் எழுதிப் பிரித்துப் படிச்சா 'ஏ டு இஸட்'. லைப்ரேரியன் குசும்பு!

ஜனங்க எல்லாம் எங்கே? வேற கிரகத்துக்கு ஓடலை. வேற காலத்துக்கு ஓடியிருக்காங்க. நூலகத்தில் இருக்கிற இயந்திரம் வழியாக, சொந்த கிரகத்தின் பழைய காலங்களுக்குள் ஒவ்வொருத்தராகப் போய் ஒளிந்துகொண்டார்கள்.

இது புரியறதுக்குள்ளே நம்ம ஆட்களும் வாசலில் தவறி நுழைந்துவிடுகிறார்கள். கிர்க் போன இடத்தில் அவரைச் சூனியக்காரன் என்று பிடித்து உள்ளே போடுகிறார்கள். ஸ்பாக்கும் மெக்காயும் விழுந்தது 5,000 வருஷத்துக்கு முந்தின பனி யுகத்தில். குளிரில் விறைத்துச் சாகக் கிடந்தவர்களை ஒரு பெண் காப்பாற்றித் தன் குகைக்குக் கூட்டிப்போகிறாள். அவள் ஸாராபெத்.

அவள் செஞ்ச தப்பு ஒண்ணுமில்லை. அவளோட சொந்தக்காரங்க ஒரு கொடுங்கோலனுக்கு எதிரா சதி பண்ணினாங்க. அந்தக் கோபத்தில் அவன் இவளைக் கொண்டுபோய்ப் பனி யுகத்தில் தள்ளிவிட்டான். திரும்பி வர வழியும் இல்லாமல் செய்துவிட்டான். கொல்லவில்லை, தனியா விட்டான். எது கொடூரம்னு நீங்களே சொல்லுங்க.

5,000 வருஷம் பின்னாடி போனதும் ஸ்பாக்குக்குள் ஏதோ மாறுகிறது. அந்தக் காலத்து வல்கன்கள் காட்டுத்தனமானவர்கள் இல்லையா? அந்தப் பழைய ரத்தம் இவருக்குள்ளும் விழித்துக்கொள்கிறது. மாமிசம் சாப்பிடுகிறார். கோபப்படுகிறார். ஸாராபெத்தைக் காதலிக்கிறார். அவளோ, 'நீங்களும் திரும்பிப் போக முடியாது, போனா செத்துடுவீங்க' என்று சொல்லிவிடுகிறாள்.

அது முழு உண்மையில்லை. திரும்ப முடியாதவள் அவள் மட்டும்தான். இத்தனை நாள் கழித்து மனுஷ முகத்தைப் பார்த்தவளுக்கு, அதைத் திருப்பி அனுப்ப மனசு வரலை. மெக்காய் அதைப் போட்டு உடைக்கிறார். கடைசியில் இரண்டு பேரும் திரும்பிவிடுகிறார்கள். அவள் பனியில் நிற்கிறாள்.

கப்பலுக்குத் திரும்புமுன் ஸ்பாக் மறுபடி பழைய ஸ்பாக். 'ஆமாம், நடந்தது. ஆனா அது 5,000 வருஷத்துக்கு முன்னாடி. அவள் செத்து எத்தனையோ காலமாச்சு' என்ற அர்த்தத்தில் ரெண்டு வரி. அவ்வளவுதான். கப்பல் கிளம்புகிறது. சூரியன் வெடிக்கிறது. தொடர் அதைப் பற்றி அப்புறம் மூச்சு விடவில்லை.

குகைச் சுவரில் ஒரு முகம்

கிறிஸ்பின் அங்கே கையை வைக்கிறார்.

நாவலில், சார்பீடான் அழியறதுக்கு முன்னாடி எடுத்த அகழாய்வுப் படங்கள் ஸ்பாக்கின் பார்வைக்கு வருகின்றன. குகைச் சுவரில் பனி யுக ஓவியங்கள். அதில் ஒரு முகம். கூர்க்காது. ஏறின புருவம். வல்கன் முகம்!

வல்கன்கள் யாரும் போகாத கிரகத்தில், 5,000 வருஷத்துக்கு முன்னாடி, ஒரு வல்கன் முகம் எப்படி வரும்? கணக்குப் போட ஸ்பாக்குக்கு நேரமாகாது. பதில் ஒண்ணே ஒண்ணுதான். அந்தக் குகையில் அவர் விட்டுவிட்டு வந்தது ஒரு உயிரை அல்ல, ரெண்டை.

இனி என்ன செய்வது? கிரகமே இல்லை. நூலகம் இல்லை, இயந்திரம் இல்லை. ஆனா காலத்துக்குள் போக இன்னொரு கதவு இருக்கு. 1967-ல் வந்த 'தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்' எபிசோடில் வரும் பேசும் கல் வளையம், 'கார்டியன்'. ரசிகர்களுக்கு உயிரான எபிசோட் அது. அந்தக் கதவையும் இந்தக் குகையையும் முடிச்சுப் போட்டதுதான் கிறிஸ்பினின் சாமர்த்தியம். அனுமதி வாங்கி, கிர்க்கையும் மெக்காயையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, ஸ்பாக் பனிக்குள் போகிறார்.

போகும்போது அவர் மனசில் இருந்தது ஒரு குழந்தை. அங்கே எதிரில் வந்து நின்றது ஒரு வாலிபன். அவன் பெயர் ஸார். (வாத்தியாரைக் கூப்பிடற 'சார்' இல்லை பாஸ்!) அம்மா ஸாராபெத்? அவள் செத்துச் சில வருஷமாச்சு.

லேட். காலத்தையே தாண்டிப் போகத் தெரிந்த மனுஷனும் லேட்!

எனக்கு அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைக்கத் தோணிச்சு.

பையனுக்கு என்ன வேணும்?

ஸார் கப்பலுக்கு வருகிறான். அவன் வளர்ந்தது வேட்டையில். வெளிச்சம்னா நெருப்பு, துணைன்னா அம்மா. திடீர்னு நானூறு பேர் சுற்றுகிற விண்கப்பல். கிர்க் அவனைத் தோளில் தட்டுகிறார். மெக்காய் அக்கறையா விசாரிக்கிறார். ஆனா அவன் பார்த்துக்கிட்டிருக்கிறது ஒரே ஒரு முகத்தை.

அந்த முகத்தில் எதுவும் தெரியறதில்லை. 'மகன்' என்று ஊருக்குச் சொல்லக்கூட ஸ்பாக்குக்கு வாய் வரவில்லை. குடும்பத்தைச் சேர்ந்தவன், அவ்வளவுதான். பாடம் சொல்லிக் கொடுக்கிறார். வல்கன் கட்டுப்பாடு கற்றுக் கொடுக்கிறார். தப்பைத் திருத்துகிறார். ஒரு நல்ல ட்யூஷன் மாஸ்டர் செய்யும் எல்லாத்தையும் செய்கிறார். பையனுக்கு வேண்டியது ட்யூஷன் இல்லை.

அவனைக் குடைவது ஒரே கேள்விதான். 'நீங்க என்னைத் தேடி வந்தீங்களா, இல்லை கடமைக்கு வந்தீங்களா?'

யோசிச்சுப் பாருங்க. ஃபீஸ் கட்டுற அப்பா, ஹாஸ்டல் வாசல் வரை வந்து பெட்டியை இறக்கி வெச்சுட்டு, 'ஒழுங்கா படி'ன்னு மட்டும் சொல்லிட்டு பஸ் ஏறுற அப்பா... நம்மில் பாதிப் பேருக்கு இந்தக் கேள்வி தொண்டை வரை வந்து நின்னிருக்கும். கேட்டிருக்க மாட்டோம். ஸார் நமக்காகவும் சேர்த்துத் தவிக்கிறான்.

இன்னொரு விஷயம். ஸ்பாக்கும் ஒரு காலத்தில் ஸார்தான்! 1967 நவம்பரில் வந்த 'ஜர்னி டு பேபல்' எபிசோடைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். வல்கன் அறிவியல் கழகத்தில் சேராமல் விண்கப்பலில் வேலைக்குப் போன ஒரே காரணத்துக்காக, அப்பா சாரெக் 18 வருஷம் மகனோடு அப்பா - பிள்ளையாகப் பேசவில்லை. அந்த மௌனத்தில் வளர்ந்தவர் ஸ்பாக். அதே மௌனத்தை அவர் தன் மகனுக்குக் கொடுக்கிறார். கெட்ட எண்ணத்தில் இல்லை. அவருக்குத் தெரிந்த அப்பா அந்த ஒருத்தர்தான்!

எது நமக்கு வலிச்சதோ, அதையே நாம இன்னொருத்தருக்குச் செய்கிறோம். வில்லன் யாருமே இல்லாமல் நடக்கும் கொடுமை இது. ரோமுலன் என்ற எதிரிகள் கார்டியன் இருக்கும் கிரகத்தைத் தாக்குகிறார்கள், சண்டை எல்லாம் இருக்கிறது. ஆனா எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிட்டது இந்த ரெண்டு பேரும் ஒரே அறையில் இருக்கும் பக்கங்களில்தான்.

வாடகை வீட்டில் ஆணி அடிக்கலாமா?

'என்னப்பா, டி.வி. கதையை வெச்சு எழுதின புத்தகம்தானே, இதுக்கு ஏன் இத்தனை பில்டப்?' என்று கேட்கலாம். நியாயம்தான். இந்த வகைக்கு 'டை-இன் நாவல்' என்று பேர். இலக்கிய வட்டாரத்தில் இதை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

அதன் கஷ்டத்தைக் கேளுங்க. பாத்திரங்கள் எழுதுகிறவருக்குச் சொந்தமில்லை. வாடகை வீடு மாதிரி. குடியிருக்கலாம், சுவரை இடிக்கக்கூடாது. கதை முடியும்போது எல்லாரும் இருந்த இடத்தில் இருந்தாகணும். கிர்க் சாகக்கூடாது. ஸ்பாக் குடும்பஸ்தனாகி ரிட்டயர் ஆகிடக்கூடாது. ஏன்னா அடுத்த படம், அடுத்த நாவல் வரிசையில் நிற்கும்.

அப்படின்னா ஸார் என்ற மகன் கப்பலில் தங்க முடியாது. இது கிறிஸ்பின் கையில் இருந்த விலங்கு. சாதாரண எழுத்தாளர் என்ன செய்வார்? கடைசி அத்தியாயத்தில் பையனைக் குண்டடி பட வைத்து, அப்பா மடியில் சாகடித்து, வயலின் வாசிச்சுட்டுப் போயிடுவார்.

கிறிஸ்பின் அப்படிச் செய்யவில்லை. சார்பீடானின் சரித்திரத்தில் ஒரு புதிர் இருக்கிறது. லேக்ரியோ என்ற பள்ளத்தாக்கில், ஒரு காலகட்டத்தில் நாகரிகம் திடீரென்று ஒரு தாவு தாவுகிறது. யாரோ வந்து கற்றுக் கொடுத்த மாதிரி. அதைப் படிக்கும் ஸாருக்குப் புரிகிறது. அந்த 'யாரோ' நான்தான்!

அவன் திரும்பிப் போகிறான். அம்மாவை ஒரு கொடுங்கோலன் கடந்த காலத்துக்குள் தள்ளினான். மகன் தன் காலில் நடந்து போகிறான். அவளுக்குத் தண்டனையாக இருந்த காலம், அவனுக்கு வேலையாக மாறுகிறது. வாடகை வீட்டின் கண்டிஷனை மீறாமல், அந்தக் கண்டிஷனையே கதையின் உயிராக மாற்றிவிட்டார் பாருங்க, அங்கேதான் இந்தப் புத்தகம் ஜெயிக்கிறது!

வாசகர்களும் கைவிடவில்லை. சினிமாவைத் தழுவி எழுதாத ஸ்டார் ட்ரெக் நாவல்களில், நியூயார்க் டைம்ஸின் பெஸ்ட் செல்லர் பட்டியலில் முதலில் இடம் பிடித்தது இதுதான். 1988-ல் 'டைம் ஃபார் யெஸ்டர்டே' என்று தொடர்ச்சியும் எழுதினார். 1994-ல் 'சாரெக்' என்று ஒரு நாவல். ஆமாம், அதே தாத்தா சாரெக்! அப்பா-பிள்ளை விவகாரம் அவரை லேசில் விடவில்லை போலிருக்கு.

பிறக்காத பிள்ளை

ஒரு சோகம் சொல்லணும். ஸ்டார் ட்ரெக் உலகத்தில் ஒரு சட்டம் உண்டு. திரையில் வந்தால்தான் அது 'நடந்தது'. நாவலில் வந்தது கணக்கில் சேராது. எப்பவாவது பின்வாசல் திறக்கும். சுலு என்ற பாத்திரத்துக்கு 'ஹிகாரு' என்ற முதல் பெயர் வைத்தது வோண்டா மெக்இன்டயர் 1981-ல் எழுதிய 'தி என்ட்ரபி எஃபெக்ட்' நாவல். பத்து வருஷம் கழித்து 1991-ல் வந்த படத்தில் அந்தப் பெயரைச் சொன்னதும் அது சட்டபூர்வமாகிவிட்டது.

ஸாருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. திரைக் கணக்குப்படி ஸ்பாக்குக்கு அப்படி ஒரு மகன் பிறக்கவே இல்லை. ஸாராபெத் பனியில் தனியாகவே நிற்கிறாள். நிமாயும் 2015-ல் காலமாகிவிட்டார்.

ஆனா நாவலைப் படித்தவர்களுக்கு அப்படி இல்லை. அந்த எபிசோடை மறுபடி பார்க்கும்போது, அவள் பனியில் நிற்கும் கடைசிக் காட்சியில், 'கவலைப்படாதே தாயி, உனக்கு ஒரு துணை வரப்போகுது' என்று மனசு சொல்லும். ஒரு பழைய காட்சியின் அர்த்தத்தையே ஒரு புத்தகம் மாற்ற முடியும். சட்டம் அதை என்ன செய்துவிட முடியும்?

திரும்பிப் பார்க்கிற குணம்

கிறிஸ்பின் 2013 செப்டம்பர் 6-ல் புற்றுநோயால் இறந்தார். அவரைப் பற்றி இன்னும் ஒண்ணு சொல்லிட்டு முடிச்சுடறேன். உங்களில் கதை, கவிதை எழுதி டைரியில் வெச்சிருக்கிறவங்க கவனமா கேளுங்க.

1998-ல் விக்டோரியா ஸ்ட்ராஸ் என்ற எழுத்தாளரோடு சேர்ந்து 'ரைட்டர் பிவேர்' என்ற காவல் வேலையை ஆரம்பித்தார் கிறிஸ்பின். 'உங்க நாவல் பிரமாதம், பதிப்பிக்க இவ்வளவு பணம் கட்டுங்க', 'படிச்சுப் பார்க்கவே ஃபீஸ்' என்று புது எழுத்தாளர்களின் ஆசையில் காசு பார்க்கும் போலி ஏஜென்ட், போலிப் பதிப்பாளர்களை அம்பலப்படுத்துவதுதான் வேலை. ஏமாந்து நிற்கிறவர்களுக்கு வழி சொன்னார்கள். அவர் இறந்த பிறகும் அந்தப் பணி நடக்கிறது. அவர்கள் சொல்வதன் சாரம் ரொம்ப சிம்பிள்: காசு எழுத்தாளரை நோக்கி வரணும், எழுத்தாளரிடமிருந்து போகக்கூடாது!

பெயரும் புகழும் வந்த எழுத்தாளருக்கு இது எதுக்கு? அடுத்த நாவலை எழுதிக் கல்லா கட்டியிருக்கலாம். ஆனா கப்பல் கிளம்பின பிறகும், பின்னால் பனியில் யாராவது நிற்கிறாங்களான்னு பார்க்கிற குணம் இருக்கே... அது கதைக்குள்ளே மட்டும் இருந்துட முடியாது போல.

ஆக, மக்களே... யெஸ்டர்டேஸ் சன் கையில் சிக்கினா விடாதீங்க. எபிசோடை முதல்ல பார்த்துட்டுப் படிச்சா டபுள் சுகம். படிச்சு முடிச்சதும் ஒரே ஒரு வேலை. உங்களுக்குக் கடமையை மட்டுமே காட்டின அந்த மனுஷருக்கு ஒரு போன் போடுங்க. 'சாப்பிட்டீங்களாப்பா?' போதும்.

அவர் 'ம்'னுதான் சொல்லுவார். ஸ்பாக் ஆச்சே!